மூச்சு பதிந்த சுருள்

எனக்குச் சங்கீதம் பிடிக்காது என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அது பொய், ஐயா. மாதா கோயில் திருவிழாவில் பேண்டு செட்டுக்குப் பின்னாலேயே கடைசித் தெரு வரைக்கும் நடந்து போகிறவன் நான். பாட்டின் மேல் பகை என்று ஏட்டையா எழுதியிருந்தால் அதை அடித்துவிடச் சொல்லுங்கள். எனக்கு என் பெயரை மட்டும்தான் எழுத்துக்கூட்டத் தெரியும். ஆகையால் எல்லாம் முடிந்ததும் இவரை விட்டு வேறு ஒருவரை வைத்து எனக்கு வாசித்துக் காட்டுங்கள். எழுதியவனே வாசித்தால் எழுதாததையும் சேர்த்து வாசிப்பான்.

அந்தப் பாட்டு டேப் மெஷினைக் கடலில் போட்டது நான்தான். அதில் மறைக்க ஒன்றுமில்லை. பட்டப்பகலில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற பழைய ஹார்பர் பாலத்தின் கடைசிவரைக்கும் சுமந்துகொண்டு போனேன். முதலில் மெஷின், பிறகு சுருள். மெஷின் கல் மாதிரி போய்விட்டது. சுருள் முங்கவில்லை. நாடா அவிழ்ந்து, கறுப்பு விலாங்கு மாதிரி நெளிந்துகொண்டு கொஞ்ச நேரம் மிதந்தது. தோணிக்காரப் பயல்கள் பார்த்துச் சிரித்தார்கள். கிழவனுக்குக் கோட்டி பிடித்துவிட்டது என்றான் ஒருவன். கோட்டியெல்லாம் இல்லை. ஏன் போட்டாய் என்று கேட்கிறீர்கள். குறுக்கே பேசாமல் கேட்டால் சொல்லிவிடுகிறேன்.

பிளாரன்ஸ் என் தங்கச்சி. அவளைப் பெற்றுப் போட்டதும் எங்கள் அம்மா ஜன்னி கண்டு செத்துப்போனாள். அப்பா ஏற்கெனவே கடலோடு போனவர். எனக்கு அப்போது மீசை அரும்பியிருந்தது. பிள்ளையைக் கன்னியர் மடத்தில் கொடுத்துவிடு என்று சாமியார் சொன்னார். கொடுக்கவில்லை. ஆட்டுப்பால் புகட்டி நானே வளர்த்தேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வருகிறவள் இவளைக் குசினியில் போட்டு வதைப்பாள். அவளைப் பெண் கேட்டு வந்தவர்களையும் நான் நம்பவில்லை. ஒருவன் குடிகாரன். ஒருவனுடைய அம்மாவுக்கு வாய் நீளம். ஒருவன் நல்லவன்தான், ஆனால் கொழும்பில் கடை, கூட்டிக்கொண்டு போய்விடுவான். இப்படியே அவளுக்கு முப்பது தாண்டிவிட்டது. ஊர் என்னைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசியது. ஊர் என்றைக்கு ஒழுங்காகப் பேசியிருக்கிறது.

பிறகுதான் பவுல் கிடைத்தான். மணப்பாட்டுப் பக்கத்துப் பிள்ளை. தாய் தகப்பன் கிடையாது, சாமியார் பங்களாவில் வளர்ந்தவன். அங்கே ஒரு வெள்ளைக்காரச் சாமியார் அவனுக்கு பிடில் வாசிக்கக் கற்றுக்கொடுத்திருந்தார். காகிதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி எழுதிய பாட்டைப் பார்த்து அப்படியே வாசிப்பான். அதெல்லாம் எனக்கு முக்கியமில்லை. அவனுக்குப் போக வேறு இடமில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. பிளாரன்ஸை அவனுக்குக் கட்டிவைத்து இரண்டு பேரையும் என் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். சங்கு குளிக்கவும் பழக்கினேன். நல்ல நெஞ்சு. முதல் வருஷமே மற்றவர்களைவிட ஆழம் போனான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிடில், மற்ற நாள் கடல். உப்பில் ஊறி வெடித்த விரலுக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பிளாரன்ஸ் அந்த விரலைப் பார்த்து, பிடில் வாசிக்கிற கையா, மீன் அறுக்கிற கையா என்று கேலி பண்ணுவாள்.

உங்களுக்கு வடக்கத்திப் பேச்சு, இந்தக் கரை வழக்கம் தெரிந்திருக்காது. குளிக்கிறவனின் இடுப்புக் கயிற்றை மேலே பிடிக்கிறவன் அவனுடைய மச்சானாகத்தான் இருப்பான். கூடப்பிறந்த அண்ணன் தம்பியிடம் கொடுக்கமாட்டார்கள். அவர்களுக்குள் பங்கு, வரப்பு என்று ஏதாவது இருக்கும். மச்சானுக்கோ தன் கூடப்பிறந்தவள் தாலி அறுக்கக் கூடாது என்ற கவலை. அதைவிடப் பெரிய காவல் கடலில் கிடையாது. முத்துக்குளிப்பு நடந்த காலத்திலிருந்தே அப்படித்தான். முத்து நின்றுபோய்ச் சங்கு மட்டும் மிச்சம் இருந்தபோதும், இப்போது புதுசாகக் கண்ணாடி மாட்டிக்கொண்டு குளிக்கிறவர்கள் வந்த பிறகும், எங்கள் ரோச் தண்டல் தலைமையில் ஓடுகிற தோணியில் அந்த முறைதான். காலடியில் கல், இடுப்பில் கயிறு, கழுத்தில் வலைப்பை. கல் அவனைத் தரைக்குக் கொண்டுபோகும். நான் கல்லை மேலே எடுத்துவிடுவேன். மூச்சு முடியப்போகும்போது அவன் இடுப்புக் கயிற்றைச் சுண்டுவான். நான் இழுப்பேன்.

கயிறு பிடிக்கிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. அவன் மூச்சை இழுத்துக்கொண்டு போகும்போது நானும் மூச்சை இழுத்து அடக்கிக்கொள்வேன். என் நெஞ்சு முட்டினால் அவனுக்கும் முட்டப்போகிறது என்று அர்த்தம். அதற்கு முன்பே கை கயிற்றில் தயாராக இருக்கும். இத்தனை வருஷத்தில் பவுலை ஒரு நாளும் நான் இரண்டாம் தரம் சுண்ட வைத்ததில்லை. ரோச்சைக் கேளுங்கள்.

இந்த வருஷம் பொங்கல் கழிந்து ஜெபசிங் வாத்தியார் வந்தார். நாசரேத்துக்காரர். சீமையில் போய்ச் சங்கீதம் படித்துவிட்டு மெட்ராஸில் கற்றுக்கொடுக்கிறவர். நாலு பேர் சேர்ந்து வாசிக்கிற மாதிரி ஒன்றைப் புதுசாக எழுதியிருந்தார். இரண்டு பிடில், அதைவிடக் கொஞ்சம் பெரிய பிடில் ஒன்று, முழங்காலுக்கு நடுவே வைத்து அறுக்கிற பெரிய பெட்டி ஒன்று. மூன்று பேரை மெட்ராஸிலிருந்து கூட்டி வந்தார். அந்த நடுத்தரப் பிடிலுக்குத்தான் பவுல். கிறிஸ்மஸ் பூசையில் இவன் வாசித்ததைக் கேட்டுவிட்டு அப்போதே கண் வைத்துவிட்டார் போலிருக்கிறது. மெட்ராஸில் எங்கே போனாலும் சினிமாக்காரர்கள் கூட்டம், இல்லாவிட்டால் பஸ் சத்தம். இங்கே காசிலிங்கம் அண்ணாச்சியின் பஞ்சு மூட்டை வைக்கிற கிட்டங்கிச் சுவர் முழ அகலம், பேல்கள் அடுக்கியிருப்பதால் எதிரொலியும் கிடையாது, அதனால் இங்கேதான் பதிவு செய்வேன் என்றார். அண்ணாச்சியும் சரி என்றார். சுமைக்காரர்களைச் சத்தம் போடவிடாமல் வாசலில் உட்கார்ந்திருக்கிற வேலை எனக்கு.

கேட்டேன். முதல் நாள் முழுக்கக் கேட்டேன். பாட்டு என்று ஒன்றும் வரவில்லை. நங்கூரத்தில் கிடக்கிற தோணியின் பலகை ஒன்றோடொன்று உரசுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு கம்பி காற்றில் அதிர்கிற மாதிரி. பிறகு ஒன்றுமே இல்லை, நாலு பேரும் வில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். சுமைக்காரன் முப்பிடாதி என் காதில் வந்து, "என்ன பாட்டையா, நாலு பேரு சேந்து ஒரு பெட்டிய அறுத்து முடிக்க முடியலையா, நம்ம மரக்கடைல சொன்னா ஒரு ஆளு அறுத்துருவான்" என்றான். எனக்கும் சிரிப்பு வந்தது. வாத்தியாரிடமே கேட்டேன், இதில் பாட்டு எங்கே என்று. அவர் கோபப்படவில்லை. இது இந்தக் காலத்துச் சங்கீதம், பாட்டைத் தேடாதீர்கள் பெரியவரே, சத்தத்தைக் கேளுங்கள் என்றார். படித்தவர்கள் எதைச் செய்தாலும் அதற்கு ஒரு பேச்சு வைத்திருப்பார்கள்.

இரண்டாம் நாள் ஒரு தகராறு. மெஷினைப் பார்க்கிற மெட்ராஸ் பையன் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னான். தொடங்குவதற்கு முன்னால் யாரோ மூச்சு விடுகிற சத்தம் மைக்கில் விழுகிறதாம். பவுல் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான்தான் சார். பழக்கமாப் போச்சு. முங்குததுக்கு முந்தி இழுக்க மூச்சு அது. வாயை மூடிக்கிடுதேன்."

வாத்தியார் அவன் பக்கத்தில் வந்தார். பிறகு அவனை இன்னொரு தரம் அப்படி மூச்சு இழுக்கச் சொன்னார். பவுல் இழுத்தான். அந்தக் கிட்டங்கி முழுக்கக் கேட்டது. அவர் பென்சிலை எடுத்துத் தன் காகிதத்திலேயே திருத்தினார். நாலு பேரும் அதே மாதிரி மூச்சு இழுத்துத்தான் தொடங்கவேண்டும் என்றார். கடைசியில் நாலு பேரும் மெல்லிசாக ஒரே ஒரு சத்தத்தைப் பிடித்து நிறுத்தவேண்டும், அது எவ்வளவு நேரம் என்றால், பவுல் நெஞ்சில் மூச்சு நிற்கிற மட்டும். அவன் மூச்சை விட்டதும் எல்லோரும் நிறுத்தவேண்டும். மெட்ராஸ்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சீமையில் படித்த மனுஷன் என் மாப்பிள்ளையின் நெஞ்சை வைத்து அளவு போட்டார். அதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

பிளாரன்ஸ் மத்தியானச் சாப்பாடு கொண்டு வருவாள். முதலில் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த மூச்சு விஷயத்துக்குப் பிறகு போகவில்லை. பஞ்சுப் பேல் மேல் ஏறி, காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள். எல்லாம் முடிந்த அன்றைக்கு மெஷினைத் திருப்பி ஓடவிட்டார்கள். மூச்சு கேட்டது. பலகை உரசியது. கடைசியில் அந்த மெல்லிசுச் சத்தம், முடியவே முடியாது போல நின்றது. பிறகு பவுல் மூச்சை விடுவதும், விட்டுவிட்டு லேசாகச் சிரிப்பதும் பதிந்திருந்தது. அந்தச் சிரிப்பையும் வாத்தியார் வெட்டவில்லை. பிளாரன்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, அவுக மூச்சு கேட்டுதா?" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். நான் வளர்த்த பிள்ளை. அவளுக்கு முதல் பல் முளைத்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

அதற்கு மறுநாள்தான் மெட்ராஸ் பேச்சு. வாத்தியார் பவுலுக்கு அங்கே வேலை போட்டுத் தருகிறாராம். பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கலாம், சினிமாக் கம்பெனிகளிலும் கூப்பிடுவார்களாம். குசினியில் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னான். பாஸ்குத் திருவிழா கழிந்ததும் போவது என்று இரண்டு பேரும் ஏற்கெனவே முடிவு பண்ணியிருந்தார்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"மச்சான், நீங்களும் வாங்க. அங்கனயும் கடல் இருக்கு" என்றான் பவுல்.

"அங்கன இருக்கது ஒரு கடலா? குளிக்க முடியுமா, சங்கு கிடக்குமா? கரைல சுண்டல் விப்பானுவ" என்றேன்.

"சுண்டல் வித்துப் போடுங்க. நம்ம மொத்தக் குடும்பமும் மணல்ல உக்காந்து திம்போம்."

அவன் சிரித்தான். நானும் சிரித்திருப்பேன். அப்போது பிளாரன்ஸ் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அண்ணன் இங்கனயே இருக்கட்டும். அவுகளுக்கு அங்க ஒத்து வராது" என்றாள். கரண்டி கூட நிற்கவில்லை. அவ்வளவு சுளுவாகச் சொன்னாள். அவள் மேல் குற்றமில்லை. அவன் சொல்லிக்கொடுத்திருப்பான்.

நான் யோசித்துப் பார்த்தேன். அவசரப்படுகிற ஆள் இல்லை நான். சினிமாக் கம்பெனி என்றால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நாலு காசு வந்ததும் இவன் ஒருத்தியைப் பார்ப்பான். பிள்ளை இல்லாதவளை எதற்கு வைத்துக்கொள்ளவேண்டும். இவள் தெரியாத ஊரில், தெரியாத தெருவில், கேட்க ஆளில்லாமல் நிற்பாள். கடுதாசி எழுதினாலும் எனக்கு வாசிக்கத் தெரியாது. பவுல் அப்படிச் செய்கிறவன் இல்லை என்று ரோச் சொன்னான். செய்கிற நாள் வரைக்கும் எவனும் செய்கிறவனாக இருப்பதில்லை.

பாஸ்குக்கு முந்தின தவசு காலத்தில் பவுல் கடலில் செத்துப்போனான். உங்களுக்கு முன்னால் இருந்த ஐயா இதே ஸ்டேஷனில் எழுதியிருக்கிறார். கயிறு கடலடியில் பார்ப் பாறையில் மாட்டிவிட்டது, நான் இழுக்க இழுக்க வரவில்லை, வந்தபோது உயிர் இல்லை என்று எழுதியது இருக்கும். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கயிறு மச்சான் கையில் இருந்தது என்றதும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். ரோச் தண்டல் எனக்குத்தான் கருப்பட்டிக் காப்பி வாங்கிக் கொடுத்துத் தோளைத் தட்டினான். கல்லறையிலிருந்து வந்ததும் பிளாரன்ஸ் என் இரண்டு உள்ளங்கையையும் பிடித்து உதட்டில் ஒற்றி முத்தி செய்தாள். "எம்புட்டு இழுத்தீங்களோ அண்ணே" என்றாள்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் காலையில் மீன் வாங்கி வருவேன். அவள் ஆக்குவாள். பேச்சுக் குறைந்துவிட்டது, ஆனால் வீட்டில் இருந்தாள். பாஸ்கு கழிந்து ஜெபசிங் வாத்தியார் மறுபடி வந்தார். அழுதார். கையில் ஒரு மெஷினும் சுருளும். தாய்ச் சுருள் மெட்ராஸில் இருக்கிறது, இது உங்களுக்கு என்று சொல்லி, எந்தப் பித்தானை அமுக்கவேண்டும் என்று பிளாரன்ஸுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். எதற்கு இந்த வேலை அவருக்கு. செத்தவனைக் குழியில் போட்டு மூடியாகிவிட்டது. அவன் மூச்சை ஒரு பெட்டியில் அடைத்து வீட்டுக்குக் கொண்டு வந்து கொடுப்பார்களா?

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் செபமாலை முடிந்ததும் அதை வைப்பாள். ஒரு நாள் தவறாது. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் வெளியே போய்ப் பார்த்தேன். தெரு முனை வரைக்கும் கேட்கும். பாட்டு எனக்குத் தொந்தரவு இல்லை. அந்த மூச்சுதான். அவன் மூச்சை இழுத்தால் என் நெஞ்சும் இழுத்து அடக்கிக்கொள்கிறது. நான் வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. இத்தனை வருஷப் பழக்கம். அந்தக் கடைசிச் சத்தம் முடிந்து அவன் மூச்சை விடுகிற வரைக்கும் எனக்கு மூச்சு கிடையாது. வயசான காலத்தில் தினம் ஒரு தரம் இப்படி முட்டினால் எப்படி இருக்கும்? வைக்காதே என்று சொன்னேன். வேறு எதைச் சொன்னாலும் கேட்கிறவள் இதைக் கேட்கவில்லை. "அவுக கடைசில மூச்சை விட்டுருதாகல்லா அண்ணே. அதுக்குத்தான் வைக்கேன்" என்றாள்.

நேற்றுச் சாயங்காலமும் வைத்தாள். நான் எதிரே பாயில் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சத்தம் நின்றுகொண்டிருந்தபோது அவள் கண்ணைத் திறந்திருக்கிறாள். நான் கவனிக்கவில்லை.

"அண்ணே, கையை எதுக்கு அப்பிடி விடுதீங்க?"

குனிந்து பார்த்தேன். என் இரண்டு கையும் மடியில் கிடந்து, கயிறு பிடிக்கிற மாதிரி, ஒன்று மாற்றி ஒன்று போய்க்கொண்டிருந்தன. அவள் குளிகாரன் மகள், குளிகாரன் பெண்டாட்டி. இழுக்கிற கை எப்படி இருக்கும், விடுகிற கை எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இழுக்கிற கை நெஞ்சைப் பார்த்து வரும். என் கை நெஞ்சைப் பார்த்து வரவில்லை.

கை நடுக்கம், வயசாகிவிட்டது என்றேன். அவள் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து உள்ளே போனாள். இன்று காலையில் அவள் பூசைக்குப் போனதும் நான் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கடலில் போட்டேன். நீங்கள் கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான்.

போகலாம், போய் அந்தம்மாவிடம் மன்னிப்புக் கேள் என்கிறீர்கள். நல்ல மனுஷன் நீங்கள். ஆனால் பாதியை எழுதி வைத்துக்கொண்டு மீதியை நீங்களாக இட்டுக்கட்டுவீர்கள், அது எனக்கு வேண்டாம். உட்காருங்கள். ஏட்டையாவையும் பேனாவை மூட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அன்றைக்குக் கடல் எண்ணெய் மாதிரி கிடந்தது. ஆழமான பார். மற்றவர்கள் தோணியின் மறுபக்கம் இறங்கியிருந்தார்கள், ரோச் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பவுல் கல்லில் காலை வைத்து, சிலுவை போட்டு, அந்த மூச்சை இழுத்தான். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். போனான். நான் கல்லை எடுத்தேன். எல்லா நாளையும் போலத்தான். ஒன்றுதான் வித்தியாசம். அன்றைக்கு நான் மூச்சை அடக்கவில்லை. இப்போது நீங்களும் நானும் விடுகிற மாதிரி சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காற்று நன்றாக இருந்தது.

சுண்டினான். நான் இழுக்கவில்லை. கொஞ்சம் பயம் காட்டினால் மெட்ராஸை மறந்துவிடுவான் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று இப்போதும் எனக்குத் தோன்றுகிறது. இரண்டாம் தரம் சுண்டினான். அதில் கோபம் இல்லை. அசந்து தூங்கிவிட்ட ஆளைத் தட்டி எழுப்புகிற மாதிரி மெதுவாக இருந்தது. பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏற ஆரம்பித்தான். அவன் ஒரு பிடி இழுத்தான். நான் ஒரு பிடி விட்டுக்கொடுத்தேன். மறுபடி இழுத்தான். மறுபடி விட்டுக்கொடுத்தேன். அவசரமே இல்லை. கயிறு தோணியில் நிறையக் கிடந்தது.

கயிற்றை உதறிவிட்டு, கழுத்துப் பையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கையை வீசியிருந்தால் மேலே வந்திருப்பான். அவனுக்கு நீச்சலா தெரியாது. செய்யவில்லை. மேலே இருப்பது மச்சான், இன்னொரு பிடியில் கயிறு இறுகிவிடும் என்று நம்பிக்கொண்டே இழுத்திருக்கிறான். அதற்கு நான் என்ன செய்ய முடியும். யாரையும் அப்படி நம்பக் கூடாது என்று எத்தனை தரம் அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

கயிறு நின்றது. அதற்குப் பிறகு இழுத்தேன். மிகவும் வேகமாக இழுத்தேன், கை தோல் உரிந்துவிட்டது. அதை ரோச் பார்த்தான். கூப்பாடு போட்டதும் நான்தான்.

நான் அவளுக்காகத்தான் செய்தேன். தெரியாத ஊரில் கைவிடப்பட்டு நிற்பதைவிடச் சொந்த வீட்டில் விதவையாக இருப்பது எவ்வளவோ மேல். வீட்டில் ஆள் இருக்கிறது, அரிசி இருக்கிறது. அவன் அவளைக் கைவிட்டிருப்பானா என்று கேட்கிறீர்கள். அதை இனிமேல் யார் சொல்ல முடியும்?

மெஷின் விஷயமாகப் புகார் கொடுத்தது ஜெபசிங் வாத்தியார் என்று நினைத்திருந்தேன். பிளாரன்ஸ்தான் கொடுத்தாள் என்கிறீர்கள். மெஷின் வேண்டாம், தண்டனையும் வேண்டாம், ஏன் போட்டார் என்று மட்டும் கேளுங்கள் என்று சொன்னாளாம். பார்த்தீர்களா, என்னைப் பற்றித்தான் அவளுக்குக் கவலை. பதில் தெரிகிற வரைக்கும் போகமாட்டேன் என்று டிரங்குப் பெட்டியோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், சாயங்கால வண்டிக்கு மெட்ராஸ் டிக்கெட் வைத்திருக்கிறாள் என்று ஏட்டையா சொல்கிறார். இவர் எதையும் சரியாகக் கேட்டுக்கொள்ளாத ஆள் என்று நான் அப்போதே சொன்னேன். பெட்டியில் எனக்கு மாற்று வேட்டி கொண்டுவந்திருப்பாள். சாப்பாடும் இருக்கும்.

எழுத வேண்டியதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கயிற்று விஷயம் மட்டும் அவள் காதுக்குப் போக வேண்டாம், ஐயா. புருஷன் செத்த துக்கமே இன்னும் ஆறவில்லை. இதையும் சேர்த்து அவள் எப்படித் தாங்குவாள்? பாவம், அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.